உதிர்ந்த இறக்கைகள் – 9: எண் 4593

சென்ற வாரம் கொழும்பின் வானத்தில் ஜப்பானின் ஜீரோ போர் விமானங்களைப் பார்த்தோம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. மறுநாள் இன்னொரு ஜப்பானியப் படை வங்காள விரிகுடாவில் புகுந்து சரக்குக் கப்பல்களை வேட்டையாடியது. அதில் வந்த ரியூஜோ என்ற விமானந்தாங்கிக் கப்பலின் விமானங்கள்தாம் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. அதோடு சென்னை மூட்டை கட்டியது. ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் வந்துபோய் 28 வருடம் கழித்து மறுபடியும் ஊர் காலி.

அதே ரியூஜோ, இரண்டே மாதத்தில், அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளுக்கு அருகே பனிமூட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தது. ஜூன் 4ஆம் தேதி அதிலிருந்து மூன்று ஜீரோக்கள் அமெரிக்கத் தளமான டச்சு ஹார்பரைத் தாக்கப் புறப்பட்டன. ஓட்டியவர்கள் மகோடோ எண்டோ, ட்சுகுவோ ஷிகாடா, ததயோஷி கோகா. கோகாவுக்கு வயது 19.

தரையிலிருந்து சுட்ட ஒரு குண்டு கோகாவின் எண்ணெய்க் குழாயை அறுத்துவிட்டது. எண்ணெய் இல்லாமல் எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடும்? பழுதான விமானங்கள் இறங்குவதற்கென்று முன்கூட்டியே குறித்துவைத்திருந்த இடம், கிழக்கே 25 மைல் தள்ளியிருந்த அகுட்டான் தீவு. காத்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பல் விமானியை ஏற்றிக்கொள்ளும் என்பது ஏற்பாடு. மேலிருந்து பார்க்கப் பச்சைப் புல்வெளி. கோகா சக்கரங்களை இறக்கினார். புல்லுக்கு அடியில் இருந்தது சதுப்பு. சக்கரம் புதைந்து விமானம் தலைகுப்புறக் கவிழ்ந்தது. கோகா அங்கேயே இறந்தார், கழுத்து முறிந்திருக்கலாம்.

எதிரி மண்ணில் விழுந்த ஜீரோவைச் சுட்டு எரித்துவிட வேண்டும் என்பது மற்ற இருவருக்கும் இருந்த உத்தரவு. ஒருவேளை கோகா உள்ளே உயிரோடு இருந்தால்? அவர்கள் சுடவில்லை. வட்டமடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் அது அப்படியே கிடந்தது. ஜூலை 10 அன்று வழி தப்பிய அமெரிக்க ரோந்து விமானம் ஒன்று தற்செயலாக அந்தப் பக்கம் வந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தவர்கள் பெல்ட் மாட்டியபடி தொங்கிய உடலை எடுத்துப் புதைத்தார்கள். பிறகு விமானத்தைச் சதுப்பிலிருந்து பிடுங்கி சான் டியேகோவுக்குக் கப்பலேற்றினார்கள். செப்பம் செய்த ஜீரோவை எடி சாண்டர்ஸ் என்ற கடற்படை அதிகாரி செப்டம்பர் 20 முதல் அக்டோபர் 15 வரை 24 முறை ஓட்டினார். முதல் பயணத்திலேயே குட்டு வெளிப்பட்டது. 200 நாட் வேகத்துக்கு மேல் போனால் இறக்கையோரப் பலகைகள் இறுகிப்போகும். பக்கவாட்டில் புரள்வது கஷ்டம், அதிலும் வலப்பக்கம் புரள்வது இன்னும் கஷ்டம். மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் கார்புரேட்டரில் எரிபொருள் தடைப்பட்டு எஞ்சின் இருமும். ஜீரோ துரத்தினால் செங்குத்தாகப் பாய், பிறகு வலப்பக்கம் புரள். அமெரிக்க விமானிகளுக்குப் போன அறிவுரையின் சாரம் இவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு கட்டுக்கதையைத் தட்டிவிட்டுப் போக வேண்டும். இந்த ஜீரோவைப் பிரித்துப் பார்த்துத்தான் ஹெல்கேட் விமானத்தையே அமெரிக்கர்கள் வடிவமைத்தார்கள் என்று எழுதாதவர் குறைவு. ஹெல்கேட் முதன்முதலில் பறந்தது 1942 ஜூன் 26. அன்றைக்குக் கோகாவின் விமானம் யார் கண்ணிலும் படாமல் சேற்றில் கிடந்தது. தேதிகளை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தாலே போதும்.

விமானத்தின் கதையைத் தேடுவது இப்படி எளிது. பிப்ரவரி 1942இல் மிட்சுபிஷியின் நகோயா ஆலையில் பிறந்தது, எண் 4593 என்பது வரை எல்லாம் பதிவாகியிருக்கிறது. மனிதர்களைத் தேடப் போனால்தான் சங்கடம். இந்த வேலையைப் பல வருடம் செய்தவர் ஜிம் ரியர்டன் என்ற அலாஸ்கா எழுத்தாளர். உயிரோடிருந்த ஷிகாடா 1984இல் ஒரு விவரம் வெளியிட்டார்: துறைமுகத்தில் நின்ற இரண்டு கேட்டலினா நீர்விமானங்களைத் தாக்கும்போதுதான் கோகா அடிபட்டார் என்று. ஆனால் இரு நாட்டுப் பதிவுகளின்படியும் அன்றைக்குத் துறைமுகத்தில் கேட்டலினாவே இல்லை. முந்தைய நாள் தாக்குதலுக்குத்தான் அந்த விவரம் பொருந்துகிறது. 40 வருடத்தில் இரண்டு நாள் ஒன்றாகிவிட்டது.

அதை மறதி என்று விட்டுவிடலாம். ஆனால் ஷிகாடா சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அன்று அந்த மூவரும் பட் மிட்செல் என்பவரின் கேட்டலினாவைச் சுட்டு வீழ்த்தினார்கள். தண்ணீரில் தத்தளித்தவர்களையும் விடாமல் சுட்டார்கள். மிட்செலும் ஆறு சகாக்களும் செத்தார்கள். மறதி இவ்வளவு பொறுக்கி எடுத்து மறக்குமா என்பது ரியர்டனின் சந்தேகம். எனக்கும் அதுதான். நண்பன் உள்ளே உயிரோடு இருப்பானோ என்று விரலை எடுத்ததும், கொஞ்ச நேரம் முன்பு தண்ணீரில் கிடந்தவர்களைச் சுட்டதும் ஒரே கைகள். முதல் பாதியை மட்டும் எழுதினால் கதை அழகாக இருக்கும். பொய்யாகவும் இருக்கும்.

1988இல் கோகாவின் எலும்புகளை ஊருக்கு அனுப்பலாமென்று ரியர்டன் அகுட்டானுக்குப் போனார். குழி கிடைத்தது, உள்ளே ஒன்றுமில்லை. மினோரு கவமோட்டோ என்ற ஜப்பானிய வணிகரும் அவரும் சேர்ந்து காகிதங்களைக் கிளறினார்கள். 1947இல் அமெரிக்க ராணுவத்தின் கல்லறைப் பிரிவு உடலைத் தோண்டி எடுத்து அடாக் தீவில், பெயர் தெரியாதவர் என்று குறித்து மறுபடி புதைத்திருந்தது. 1953இல் அடாக்கிலிருந்து 236 உடல்கள் ஜப்பானுக்குப் போயின. அடையாளம் தெரிந்தவை 13. மீதி 223 பேரும் டோக்கியோவின் சிதோரிகாபுச்சி கல்லறையில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கோகாவாக இருக்கலாம். அவரது விமானம் அதற்கும் முன்பே, 1945 பிப்ரவரியில், சான் டியேகோ ஓடுதளத்தில் பின்னால் வந்த ஹெல்டைவர் விமானத்தின் புரொப்பெல்லரில் சிக்கித் துண்டுதுண்டாகிவிட்டது.

எங்கள் வீட்டிலும் ஒரு ஷிகாடா விவகாரம் உண்டு. 1942இல் சென்னையை விட்டுக் கிளம்பியபோது அம்மிக்கல்லையும் ரயிலில் ஏற்றியதாகப் பாட்டி சத்தியம் செய்வாள். தாத்தா கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஏப்ரலைப் பற்றி உங்கள் வீட்டில் கேட்ட கதைகளை எழுதி அனுப்புங்கள். கூடவே அன்றைய கடிதமோ, வீட்டுக் கணக்கு நோட்டோ இருந்தால் அதன் நகலையும் சேர்த்து வையுங்கள். தேதியுள்ள காகிதம் கிடைத்தால் அதற்கு முதலிடம்.

(தொடரும்)