கொம்புப் பிடியும் வளைகோலும்: எல்லைநாட்டு இடையர் கைவினை

முன்னுரை

நிரை மேய்க்கும் மக்கள் யாண்டு வாழினும் அவர்தம் கையில் கோல் ஒன்று உண்டு. இடைக்காடனார் பாடிய நற்றிணை 142ஆம் பாட்டும் அகநானூறு 274ஆம் பாட்டும் கோலூன்றி நின்று வீளையெழுப்பும் இடையனைக் காட்டுதலைத் தமிழறிஞர் நன்கறிவர். இங்கிலாந்தின் வடகோடியாகிய நார்தம்பர்லந்திலும், அதனையடுத்த தென் ஸ்காட்லாந்திலும், செவியட் மலைச்சாரலில் செம்மறி மேய்ப்போரும் அங்ஙனமே தம் கோலைப் போற்றுவர். அக்கோலின் தலையில் ஆட்டுக்கடாவின் கொம்பை வளைத்துப் பொருத்துதலும், அதன் நுனியில் மீன், பறவை, நாய் முதலிய உருவங்களைச் செதுக்கி வண்ணந் தீட்டுதலும் அந்நாட்டார் வளர்த்த கைவினையாம்.

இன்று இக்கோல்களுட் பல ஆட்டைத் தொடுவதே இல்லை. கண்காட்சியிலும் கூடத்துச் சுவரிலும் வைக்கப்பெறுகின்றன. பயன் நீங்கிய பின்னும் அவற்றின் வடிவு மாறாது நிற்பது எதனால்? செய்வோன் விருப்பமா, பொருளின் இயல்பா, பழைய பயனா, எது அவ்வடிவை ஆள்கின்றது? இவ்வினாவிற்கு விடைகாணுமுகத்தான் அக்கைவினையின் முறைகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பெயரும் பயனும்

இத்தொழிலை ஆங்கிலத்தில் ‘ஸ்டிக் டிரெஸ்ஸிங்’ என்பர். ஈண்டு அச்சொல் உடுத்துதலைக் குறியாது. கல்லைக் கொத்திச் செப்பஞ்செய்வதைக் குறிக்கும் அதே பொருளில் வழங்குவது. எனவே, கோலைச் செப்பஞ்செய்தல் என்பதே அதன் கருத்து. இதனை நாம் கோல்வினை எனலாம்.

இடையர் வளைகோல் இருவகைத்து. ஆட்டின் கழுத்தைப் பற்றுவது ஒன்று. பின்னங்காலைப் பற்றுவது மற்றொன்று. முன்னதன் வாயகலம் ஏறத்தாழ நான்கு விரல்; பின்னதன் வாயகலம் பழைய பென்னி நாணயத்தின் அளவினது என்பது தொழின்மரபு. அந்நாணயத்தின் குறுக்களவு ஏறத்தாழ 31 மில்லிமீட்டராகும். ஆட்டின் கால் உள்ளே நுழையவும் வேண்டும். நுழைந்த கால் எளிதில் நழுவாதிருக்கவும் வேண்டும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே அவ்வளவு. மூக்கு எனப்படும் நுனி வெளிப்புறமாக வளைந்திருத்தலும் அழகுக்கு மட்டும் அன்று. ஆட்டின் உடலிற் குத்தாது வழுக்கிச் செல்லுதற்காம்.

நம் நாட்டு ஆட்டிடையர் ஏந்தும் துறட்டி மரக்கிளையை வளைத்துத் தழை கொய்வதற்குரியது. அவர் கொக்கி தழையை நாடுவது. இவர் கொக்கி ஆட்டை நாடுவது. தொழில் ஒன்றாயினும் நிலத்தின் வேறுபாட்டால் கருவி வேறுபட்டமை காண்க. மேலும், தமிழில் நேரிய கோல் செங்கோலாகவும் வளைந்த கோல் கொடுங்கோலாகவும் வழங்கும். ஆங்கிலத்திலும் வளைகோலைக் குறிக்கும் ‘குரூக்’ என்னும் சொல் வஞ்சகனையும் குறிக்கும். இருமொழியும் கோட்டத்தைக் குற்றமாகக் கருதினும், இடையன் கோலுக்குக் கோட்டமே குணம் ஆயிற்று.

2. கொம்பின் இயல்பு

கோடு, மருப்பு, கொம்பு என்னும் சொற்கள் தமிழில் விலங்கின் கொம்பைக் குறிப்பன. இவற்றுள் கோடும் கொம்பும் மரக்கிளையையும் சுட்டும். ஆட்டின் கொம்பையும் மானின் கொம்பையும் நாம் ஒரே சொல்லால் வழங்குகின்றோம். ஆயினும் தொழிலாளர்க்கு அவை இருவேறு பொருள்கள். கலைமானினத்துக் கிளைக்கொம்பு எலும்பேயாகும். ஆண்டுதோறும் விழுந்து மீண்டும் முளைப்பது. அதனை வெப்பத்தால் வளைத்தல் இயலாது. ஆடு, மாடு, எருமை ஆகியவற்றின் கொம்போ எலும்பு மையத்தின்மேல் உறைபோல் வளர்ந்த கெராட்டின் என்னும் புரதப்பொருள். மயிரும் நகமும் ஆனது அதுவே. ஆகலின் வெப்பம் ஊட்டின் அது குழையும். அழுத்தி வைத்து ஆறவிடின் அவ்வடிவிலேயே நிற்கும்.

இவ்வியல்பினைப் பண்டே அறிந்த ஆங்கிலேயர், கொம்பைத் தட்டி மெல்லிய தகடாக்கி விளக்குகளுக்குக் கண்ணாடிபோற் பயன்படுத்தினர். சிறார் பயிலும் எழுத்துத்தாளின்மேல் அத்தகட்டைப் பதித்துக் காத்த ‘கொம்பேடு’ பல நூற்றாண்டுகள் வழங்கியது. இலண்டன் கொம்புத் தொழிலாளர் குழு 1638ஆம் ஆண்டில் அரச பட்டயம் பெற்றது. பின்னர்க் கண்ணாடியும் நெகிழியும் வந்தமையால் இத்தொழில்கள் அருகின. கோற்பிடி இன்றும் நிலைத்துள்ளது.

3. செய்முறை

ஸ்காட்லாந்துக் கருமுக ஆடு, சுவேல்டேல் ஆடு முதலிய இனங்களின் முதிர்ந்த கடாக்களின் கொம்பே விரும்பப்படும். இளங்கொம்பு சுவர் மெலிந்து உட்குழி பெரிதாயிருக்கும். எலும்பு மையம் நீக்கப்பெற்ற கொம்பை நெடுநாள் உலர வைப்பர். பின்னர்த் தொடங்குவது இத்தொழிலின் அரிய பகுதி. கடாவின் கொம்பு அடியில் உள்ளீடற்றது. நுனியில் மட்டுமே திண்ணியது. அன்றியும் அது ஒரு தளத்தில் வளையாது, சங்குபோல் முறுகி வெளிநோக்கிச் செல்வது. எனவே, கொதிநீரிலோ வெப்பக்காற்றிலோ குழைத்து, திருகுப்பிடியில் வைத்துப் பலகாலும் நெருக்கி, உட்குழியை மூடித் திண்மையாக்குதல் வேண்டும். முறுக்கை நீக்கி ஒரு தளத்திற்குக் கொணர்தலும் வேண்டும். அதன்பின் அரைவட்ட அச்சில் வளைத்துக் கட்டி ஆறவிடுவர். வெப்பம் மிகின் கொம்பு கருகி ஏடேடாகப் பிரியும். குறையின் வளைக்கும்போது வெடிக்கும். நன்கு வளைத்ததும் சிலபோது தன் பழைய வடிவை நினைந்தாற்போல் மெல்ல நிமிர முயலும்.

வடிவு அமைந்தபின் அரத்தால் அராவி, பருமையான உப்புத்தாளில் தொடங்கி நுண்ணியதிற்குச் சென்று மெருகிடுவர். அப்பொழுதே கொம்பின் அகவண்ணம் வெளிப்படும். தேன்போன்ற மஞ்சள், அதனூடே பசுமையும் பழுப்பும் கலந்த வரிகள், ஒளி ஊடுருவும் தன்மை ஆகியவற்றை முன்கூட்டி அறிதல் அரிது.

கோலுக்குப் பெரும்பாலும் ஹேசல் மரத்தின் கிளையே கொள்ளப்படும். இலையுதிர்ந்த குளிர்காலத்தில் வெட்டி, ஓராண்டேனும் உலர்த்தி, ஆவியில் நிமிர்த்துவர். கோலையும் பிடியையும் உள்ளாணியால் இணைத்து, இணைப்பை மான்கொம்பு வளையத்தால் மறைத்தலும் உண்டு. நிலத்திற்படும் அடியில் பூண் இடுவர்.

4. செதுக்கலும் வண்ணமும்

செதுக்கும் இடம் பெரும்பாலும் மூக்கேயாகும். கொம்பின் நுனி இயல்பாகவே திண்ணியதாதலின் உருவஞ்செய்ய இடந்தருவது அதுவே. எல்லைநாட்டு ஆறுகளில் வாழும் டிரௌட் மீன், ஆட்டுக்காவல் நாய், பெசன்ட் பறவை, ஸ்காட்லாந்தின் சின்னமாகிய திசில் முட்செடி ஆகியவை மரபாக அமைவன. கொம்பின் இழை நீளவாட்டில் ஓடுவது. ஆகவே நீண்டு கிடக்கும் மீனுடல் அதற்கு இயைந்தது. குறுக்கே நீட்டிய துடுப்போ இழையறுந்து எளிதில் ஒடியும். தேர்ந்த வினைஞர் துடுப்பை உடலோடு ஒட்டி மடக்கிச் செதுக்குவதற்கு இதுவே காரணம். கலைநயம் எனத் தோன்றுவது பொருளின் ஆணைக்கு அடங்கிய அறிவே என்க.

வண்ணந்தீட்டல் இதனினும் நுண்ணியது. மெருகிட்ட கொம்பு வழுவழுப்பும் எண்ணெய்ப்பசையும் உடையது. வண்ணம் அதிற் பற்றாது உரியும். எனவே தீட்டும் இடத்தை மட்டும் நுண்தாளால் தேய்த்து, சாராவியால் துடைத்து, மெல்லிய பூச்சுகளாக ஒன்றன்மேல் ஒன்று இட்டு, ஈற்றில் நிறமற்ற வார்னிஷ் பூசுவர். தடித்த பூச்சு செதிற்கோடுகளை நிரப்பி உளியின் உழைப்பை அழித்துவிடும். பழுப்பு டிரௌட் மீனின் முதுகில் கரும்புள்ளிகளும், பக்கத்தில் வெளிறிய வளையஞ்சூழ்ந்த செம்புள்ளிகளும் உண்டு. இவற்றைத் தூரிகை நுனியால் இட்டு, வயிற்றைத் தீட்டாது விடின், கொம்பின் பொன்னிறமே மீன்வயிற்றின் நிறமாக நிற்கும். இங்ஙனம் வண்ணமும் கொம்பும் ஒன்றையொன்று நிரப்புதலே சிறப்பு. உளி காட்டாத உறுப்பைத் தூரிகை கொண்டு காட்ட முயலுதல் குறைபாட்டை மறைக்குமேயன்றி நீக்காது.

5. வழக்கும் இலக்கணமும்

எல்லைநாட்டுக் கோல்வினைஞர் சங்கம் 1951இலும், பிரிட்டானியக் கோல்வினைஞர் குழு 1984இலும் தோன்றின. நார்தம்பர்லந்தின் ஆல்விண்டன் இடையர் விழா முதலியவற்றில் கோற்போட்டிகள் நடைபெறும். ஆட்டைப் பற்றாத கோலுக்கும் வாயகலத்தைப் பார்க்கும் வழக்கம் அங்கு உண்டு. பயன் வகுத்த அளவு, பயன் அருகிய பின்னர் விதியாகி நிற்கின்றது. வழக்கிலிருந்து இலக்கணம் பிறந்து, வழக்கு ஒழிந்த பின்னும் அதன் சான்றாக நிற்றல் மொழியிலும் நாம் காண்பதன்றோ?

ஆயின் இடர் வேறொரு வாயிலாக வருகின்றது. கொம்பில்லா ஆட்டினங்கள் பெருகியமையால் நல்ல கடாக்கொம்பு அரிதாயிற்று. அதனிடத்தை ஆசியாவினின்று வரும் நீரெருமைக் கொம்பு பெரிதும் பெற்றுள்ளது. அது கருநிறமும் நுனிப்பகுதியில் மிக்க திண்மையும் உடையது. குழிமூடும் கடுந்தொழில் அதற்கு அத்துணை வேண்டப்படுவதில்லை. செதுக்குவோனுக்கு அதனால் உரிமை பெருகுகின்றது. எனினும் உட்குழியை நெருக்கி மூடும் பழைய திறன் பயிற்சியின்றித் தேயும். கருங்கொம்பின்மேல் முழுதும் வண்ணம் பூசப்படின், உள்ளிருப்பது கொம்போ மரமோ என்பதும் காண்போர்க்குப் புலனாகாது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், பிடியின் வளைவை ஆட்டின் உடலும், அதன் உருவத்தைக் கொம்பின் இழையும், அதன் நிறத்தைக் கொம்பின் ஒளியும் வரையறுத்தமை போதரும். செய்வோன் விருப்பம் இம்மூன்றிற்கும் உட்பட்டு இயங்கும்போதே கோல்வினை தன் தகுதியைப் பெறுகின்றது. அளவை விதி காத்துத் தரும். திறனை விதி காத்தல் அரிது, அது கையிலிருந்து கைக்கே செல்வது. எனவே இத்தகைய கைவினைகளை ஆராய்வோர் முடிந்த பொருளை மட்டும் நோக்காது, அதன் செய்முறையையும் தொழிற்சொற்களையும் உடன் தொகுத்தல் இன்றியமையாதது. நம் நாட்டு இடையர் துறட்டிக்கும் இது பொருந்தும்.