அம்பு வளைந்துதான் போகும்

புதுச்சேரியின் நெற்களஞ்சியமான பாகூரில் சம்பா அறுவடை முடிந்ததும் சில வயல்கள் தரிசாகக் கிடக்கும். மூங்கில் வில்லை வைத்துப் பழக அதைவிட நல்ல இடம் ஏது? வைக்கோல் கட்டை இலக்காக நிறுத்தி, எய்வதைச் செல்போனில் படம் பிடிப்பவர்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் நின்றே எடுக்கிறார்கள். வில்லும் ஆளும் அழகாகப் பதிவாகும். ஆனால் அம்பு செய்யும் அற்புதம் அதில் சிக்காது.

வலக்கைக்காரர் ஒருவர் நாணை இழுத்துப் பிடித்திருக்கிறார். அம்பு வில்லின் இடப்பக்கத்தில் சாய்ந்திருக்கிறது. அதன் முனை இலக்குக்குச் சற்று இடப்புறமாகவே பார்க்கிறது. விட்டதும் நாண் வில்லின் நடுவை நோக்கிப் பாய்கிறது. அம்பு இரும்புக் கம்பிபோல் விறைப்பாக இருந்தால் வில் அதை இடப்பக்கம் தள்ளிவிட வேண்டும். ஆனாலும் குறி தப்புவதில்லை.

காரணம், அம்பு வளைகிறது. விரல்களிலிருந்து நழுவும் நாண் அம்பின் வாலைப் பக்கவாட்டில் தள்ள, அம்பின் நடுப்பகுதி முதலில் வில்லை நோக்கி வளைந்து, அடுத்த நொடிக்கூற்றில் எதிர்ப்புறம் வளைந்து, வில்லைச் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறது. பிறகும் வாய்க்கால் விரால்போல நெளிந்துகொண்டே பறக்கிறது. இதை 1930-களில் அதிவேகப் படச்சுருளில் பிடித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மேன். வில்லின் பலத்துக்கு ஏற்ற விறைப்பு அம்புக்கு வேண்டும் என்பது இப்படி வளைந்து விலக வேண்டியிருப்பதால்தான். இந்திய வில்வித்தை வீராங்கனை தீபிகா குமாரி போன்றவர்கள் தொடங்கியதும் மூங்கில் வில்லில்தான். அந்த வில்லுக்கும் கண்ட அம்பெல்லாம் பொருந்திவிடாது.

இந்த வளைவு இடம்-வலமாக நடப்பது. ஆகவே எய்பவரின் முதுகுக்குப் பின்னால், தோளுக்கு மேலிருந்து படம் பிடியுங்கள். ஸ்லோ மோஷனில் நொடிக்கு 240 ஃபிரேம் வைத்தாலும் அம்பு நாணை விட்டு விலகும்வரை நான்கைந்து ஃபிரேம்களே கிடைக்கும். அம்பின் வேகம் நொடிக்கு 45 மீட்டர் என்றால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் அது 19 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே ஒரு முறை எய்ததை மட்டும் பார்க்காமல், பத்து முறை எய்த படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால்தான் முழுக்கதையும் புரியும்.

வெளிச்சமும் முக்கியம். ஷட்டர் நொடியில் 250-இல் ஒரு பங்கு திறந்திருந்தால் அம்பு 18 சென்டிமீட்டர் கலங்கித் தெரியும்; 2,000-இல் ஒரு பங்கு என்றால் இரண்டேகால் சென்டிமீட்டர்தான். வெட்டவெளி வெயில் இதற்கு வரம்.

பக்கவாட்டுப் படத்துக்கும் ஒரு பயன் உண்டு. ஆனால் போனைக் கிடையாகப் பிடிக்க வேண்டும். கேமரா சில்லு காட்சியை ஒரே கணத்தில் பதிவதில்லை, வரிவரியாகப் படிக்கிறது. நெடுக்காகப் பிடித்தால் அம்பு உண்மையைவிட நீண்டோ குறுகியோ தெரியும். சரியாக எடுத்த படத்தில் அம்பு விழும் வளைகோட்டை அளக்கலாம். அதே வேகத்தில் 20 மீட்டரைக் கடக்க அதற்கு 0.44 நொடி ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பு அதை ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இழுத்துவிடுகிறது. பழகியவர் கை தானாகவே அந்த ஒரு மீட்டரை ஈடுகட்டி உயர்த்திக் குறிவைக்கிறது என்பதுதான் எனக்கு எப்போதும் வியப்பு.

அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடாதீர்கள். அம்பு கொண்டுபோக வேண்டிய ஆற்றல் வில்லின் கைகளிலேயே தங்கி அவற்றை உடைத்துவிடலாம். கேமராவுக்காக யாரும் இலக்குப் பக்கம் போய் நிற்கவும் வேண்டாம். இலக்குக்குப் பின்னால் உயரமான மண்மேடு இருக்கட்டும். மேல்நோக்கி எய்த அம்பு 150 மீட்டரையும் தாண்டிப் போய் விழலாம். அம்பு போகும் திசையில் எவ்வளவு தூரத்திலும் மாடு மேய்ப்பவரோ வரப்பில் நடப்பவரோ தென்பட்டால், அவர் கடந்து போகும்வரை வில்லைக் கீழே வையுங்கள்.