யாருக்கு விடுதலை?

மனிதரெல்லாம் சமம் என்று 1776-ல் முழங்கிற்று அமெரிக்கா. முடியரசை எதிர்த்து எழுந்த அந்த முழக்கத்தை நாம் போற்றுகிறோம். ஆனால், தோழர்களே, அதே பட்டயத்திலே இன்னொரு வாசகமும் உண்டு! மண்ணின் மைந்தர்களை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்று ஏசும் வாசகம். மூன்றே ஆண்டுகளில் அந்த ஏச்சு தீப்பந்தமாயிற்று.

இன்றைய நியூயார்க் மாநிலப் பகுதியில், ஆறு இனத்தார் கூடிக் கூட்டாட்சி கண்டிருந்தனர். இரோகுவா மக்கள் என்பது அவர்கள் பெயர். போர் மூண்டதும் செனகா, மோஹாக், கயூகா, ஒனண்டாகா ஆகிய நான்கு இனத்தாரில் பெரும்பாலோர் பிரிட்டன் பக்கம் நின்றனர். ஏன்? தங்கள் நிலத்தைக் குடியேறிகள் விழுங்கிவிடுவார்களே என்ற அச்சம்! ஒனைடாக்களோ அமெரிக்கர் பக்கம் நின்றனர். 1778-ல் செர்ரி வேலியைத் தாக்கிய பிரிட்டன் சார்புப் படையும் இரோகுவா வீரரும் பெண்களையும் பிள்ளைகளையும்கூடக் கொன்றனர். அந்தக் கொடுமையை நாம் மூடி மறைக்கவில்லை.

பதிலடி என்ன? 1779 மே மாதம் ஜார்ஜ் வாஷிங்டன் தளபதி சல்லிவனுக்குக் கட்டளையிட்டார். ஊர்களை அடியோடு அழி! நிலத்தில் நிற்கும் பயிரைப் பாழாக்கு! ஆண், பெண், வயது பாராமல் சிறைபிடி!

சல்லிவன் தெற்கேயிருந்து சஸ்குவஹானா ஆற்றோடு ஏறினார். வடக்கேயிருந்து வந்த கிளின்டன், ஒட்ஸிகோ ஏரியின் வாயை அணைகட்டி அடைத்தார். நீர் உயர்ந்ததும் அணையை உடைத்து, வெள்ளத்தோடு படகுகளை ஓட்டினார். ஆகஸ்டு 29-ல் நியூடவுனில் நடந்ததுதான் ஒரே பெரும் போர். அதன்பின் நடந்தது போரா? இல்லை, கொள்ளியும் கோடரியும்! நாற்பது ஊர்கள் சாம்பல். 1,60,000 புஷல் மக்காச்சோளம் நாசம். இது சல்லிவனே கொடுத்த கணக்கு! காய்த்துக் குலுங்கிய ஆப்பிள், பீச் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன.

காட்டுமிராண்டிகளாம்! பழத்தோட்டம் வைத்தவன் காட்டுமிராண்டியா, அதை வெட்டியவன் காட்டுமிராண்டியா?

அவ்வாண்டுக் குளிர்காலம் கொடியது. நயாகராக் கோட்டை வாயிலிலே 5,000-க்கும் மேற்பட்ட அகதிகள். பசியிலும் பனியிலும் மாண்டவர் பலர். சண்டையாவது ஓய்ந்ததா? இல்லை! மறு ஆண்டே எல்லையில் மீண்டும் தாக்குதல்கள்.

1783-ல் பாரிஸ் உடன்படிக்கை. தனக்காகப் போரிட்ட இரோகுவாக்களுக்காக ஒரு சொல்லும் எழுதவில்லை பிரிட்டன்! 1784-ல் ஸ்டான்விக்ஸ் கோட்டை ஒப்பந்தம் நிலத்தைப் பறித்தது. அமெரிக்கருக்குத் தோள் கொடுத்த ஒனைடாக்களேனும் தப்பினார்களா? அவர்கள் நிலமும் பின்னாளில் நியூயார்க் மாநிலத்தின் கைக்கே போயிற்று. பகைத்தவனுக்கும் இழப்பு, துணை நின்றவனுக்கும் இழப்பு!

1790-ல் செனகா தலைவர் கார்ன்பிளான்டர் வாஷிங்டனிடமே நேரில் சொன்னார்: உங்களை நாங்கள் ஊரழித்தவர் என்றே அழைக்கிறோம், அந்தப் பெயரைக் கேட்டால் எங்கள் குழந்தைகள் தாயின் கழுத்தை இறுகக் கட்டிக்கொள்கின்றன என்று.

உலகம் அவரை நாட்டின் தந்தை என்றது. ஊரிழந்தவர்களோ ஊரழித்தவர் என்றார்கள். இரண்டும் வரலாறுதான், தோழர்களே! கொடி ஏறிய மேடையைப் பார்த்து மட்டும் விடுதலையை அளக்காதீர்கள். எவன் குடிசை எரிந்தது, எவன் பயிர் கருகிற்று என்று கேளுங்கள். தன் விலங்கை உடைத்த கை அடுத்தவன் கூரையில் தீ வைத்தால், அதற்குப் பெயர் விடுதலையா? எசமானன் மாறினான் என்பதுதான் பெயர்!