மின்பேழையினுள் ஓடும் நீர்

நீரும் மின்சாரமும் ஒன்றுசேரலாகாது என்பதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். ஈரக்கையால் சுவிட்சைத் தொடாதே என்று பெற்றோர் அவனை எச்சரித்த வண்ணம் இருக்கின்றனர். ஆயினும், இன்று பெரிய மின்கருவிகள் அடங்கிய இரும்புப் பேழைகளைத் திறந்து நோக்கின், அவற்றினுள் நீர்க்குழாய்கள் ஓடுவதைக் காணலாம். பகைப்பொருள்களாகிய இவ்விரண்டையும் ஒரே பேழையுள் வைப்பானேன்? வைத்தும் தீங்கு நேராதது எங்ஙனம்?

வெப்பம் பிறக்குமிடம்

மின்சாரம் வந்தவாறே எல்லா வேலைக்கும் உதவுவதில்லை. மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்க வேண்டும். நேர்மின்னோட்டத்தை மீண்டும் மாறுமின்னோட்டமாக்க வேண்டும். மோட்டாரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். மின்சார ரயில், பெரிய நீரேற்று நிலையம், லிப்டு ஆகியவை இம்மாற்றத்தால் இயங்குவன. கெடா மாநிலத்துக் குருனுக்கும் தென் தாய்லாந்துக்கும் இடையே 300 கிலோவோல்ட் நேர்மின் அழுத்தத்தில் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் தடமும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இம்மாற்றத்தைச் செய்வன தைரிஸ்டர், டிரான்சிஸ்டர் எனப்படும் சிலிக்கன் சில்லுகள். இவை திறமை மிக்கவை; எனினும் வந்த ஆற்றலில் ஒரு சிறு பங்கு வெப்பமாகிவிடும். 500 கிலோவாட் ஆற்றலைக் கையாளும் பேழையில் நூற்றுக்கு 2 பங்கு வீணாயின், அது 10 கிலோவாட் ஆகும். 1,000 வாட் இஸ்திரிப்பெட்டிகள் பத்தினை ஒரே அலமாரியில் பூட்டி, இடைவிடாது எரியவிட்டதற்கு இஃது ஒப்பாகும். சிலிக்கன் சில்லோ, வகைக்கேற்ப 125 முதல் 175 டிகிரி செண்டிகிரேடு வரைதான் தாங்கும். அவ்வெல்லைக்குள் இருப்பினும், சூடேறிச் சூடேறி ஆறுவதால் ஒட்டுகள் தளர்ந்து அதன் ஆயுள் குறையும்.

காற்றும் நீரும்

விசிறியால் காற்றைச் செலுத்தியே இவ்வெப்பத்தைப் போக்கலாகாதா? சிறிய பேழைக்குப் போதும். பெரியதற்கு என்னாகும் என்பதைக் கணக்கே காட்டும். 10 கிலோவாட் வெப்பத்தை ஏற்றுக்கொண்டு, தன் வெப்பநிலை 10 டிகிரி மட்டுமே உயர வேண்டுமாயின், நிமிடத்திற்கு ஏறத்தாழ 50,000 லிட்டர் காற்று வேண்டும். நீராயின் 14 லிட்டருக்குச் சற்று மேல் போதும். ஒரு வாளித் தண்ணீர் எனலாம். ஒரே கன அளவில் நீர் காற்றைவிட ஏறக்குறைய 3,500 மடங்கு வெப்பத்தை ஏற்கவல்லது. மேலும், வெளிக்காற்றை உள்ளிழுத்தால் தூசியும் ஈரமும் உடன்புகும். நீரால் குளிரும் பேழையையோ இறுக மூடிவிடலாம். இக்காரணங்களால், கனடாவின் நெல்சன் ஆற்று மின்திட்டத்தில் 1970களின் இறுதியில் உயரழுத்தத் தைரிஸ்டர் அடுக்குகளையே நீரால் குளிர்விக்கத் தொடங்கினர். அதன்பின் இம்முறை உலகெங்கும் பரவிற்று.

தலைமடையும் கடைமடையும்

சில்லின் வெப்பம் பீங்கான் படலம், செப்புத் தகடு, பசை, உட்குழாயுடைய குளிர்தகடு ஆகியவற்றைக் கடந்தே நீரை அடைகிறது. இவற்றுள் ஒன்று பழுதாயினும் வழி அடைபடும். பசையைத் தடிப்பாகப் பூசுவது நன்மை என்று கருதுவது பிழை. பசை உலோகத்தைப் போல வெப்பத்தைக் கடத்துவதன்று. இடுக்குகளில் தங்கும் காற்றை வெளியேற்றுவதே அதன் பணி. ஆகவே மெல்லிய பூச்சே நன்று.

தகடுகள் பலவாயின், நீரைப் பங்கிடும் முறையும் ஆராயத்தக்கது. ஒரே குழாயில் தகடுகளை வரிசையாகக் கோத்தால், முதல் தகட்டிற் சூடேறிய நீரே இறுதித் தகட்டிற்கும் செல்லும். இறுதியிலுள்ள சில்லே முதலில் கெடும். தனித்தனிக் கிளைகளாகப் பிரித்தாலோ, நீர் எளிய வழியையே நாடும். வயலில் தலைமடைக்காரன் நிறையப் பாய்ச்ச, கடைமடைக்காரன் வானத்தை நோக்குவது போன்றதே இது. எனவே, முதலில் நீர்பெறும் தகடு இறுதியில் திருப்பியனுப்புமாறு குழாய்களை அமைப்பர். அப்பொழுது எல்லாக் கிளைகளுக்கும் வழியின் நீளம் ஒத்திருக்கும், பங்கும் ஒத்திருக்கும்.

தூய்மையே காவல்

இனி முதல் வினாவுக்கு வருவோம். சாதாரணப் பேழைகளில் பீங்கான் படலம் நீரையும் மின்சாரத்தையும் பிரித்துவைக்கிறது. உயரழுத்த நிலையங்களிலோ குளிர்தகடே மின்னழுத்தத்தில் நிற்கும். நீர் அதனை நேராகவே தொடுகின்றது. அங்குக் காப்பது நீரின் தூய்மை. மின்சாரத்தை நன்கு கடத்துவது நீரன்று, நீரிற் கரைந்துள்ள உப்புகளே. அவற்றை நீக்கிய நீரின் கடத்துதிறன் குழாய்நீரைவிடப் பல நூறு மடங்கு குறைவு.

ஆனால் ஒருமுறை தூய்மை செய்தால் போதாது. குழாய்களிலிருந்தும் தகடுகளிலிருந்தும் அயனிகள் நீரில் கலந்த வண்ணம் இருக்கும். ஆதலின், ஓடும் நீரில் ஒரு சிறு பகுதியை இடைவிடாது பிரித்து, அயனிமாற்றுப் பிசின் நிறைந்த கலத்தின் வழியே அனுப்புவர். பம்பு இதயமாயின், இக்கலம் சிறுநீரகம் எனலாம். இதனைப் புறக்கணித்தால் நீரினூடே சிறிது மின்சாரம் கசியும். அலுமினியம் அரிபட்டு வெண்படிவாக ஓரிடத்தில் ஒட்டும். அது பெயர்ந்து ஒரு நுண்வாயிலை அடைத்தால், நீரோட்டம் நின்று சில்லு வெந்துவிடும். கண்காணிப்புக் கருவி சில திங்களுக்கு முன்பே காட்டிய சிறு எச்சரிக்கையைப் பொருட்படுத்தாததன் விளைவு அது.

குளிர்ச்சிக்கும் எல்லை உண்டு

நீர் எத்துணைக் குளிர்ந்திருக்கிறதோ அத்துணை நன்று என்று நினைப்பது இயல்பு. நம் நாடுகளைப் பொறுத்தவரை அஃது ஆபத்தான எண்ணம். குளிர்ந்த பானம் நிறைந்த கிளாசின் புறத்தே நீர் முத்துமுத்தாகப் படிவதை எல்லோரும் கண்டிருப்பர். அந்நீர் உள்ளிருந்து கசிந்ததன்று. காற்றிலுள்ள ஈரம் குளிர்பரப்பில் படிந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பரப்பொன்று ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் பெரும்பாலும் ஈரம் படியத் தொடங்கும். 15 டிகிரி நீரைப் பேழையுள் ஓடவிட்டு, கதவையும் திறந்துவைத்தால், குழாயில் ஒரு துளி ஒழுகாமலே கருவிகள் நனைந்துவிடும். ஆகவே நீரின் வெப்பநிலையை அவ்வெல்லைக்கு மேலேயே நிறுத்துவர். 35 அல்லது 40 டிகிரி நீரே பல பேழைகளுக்குப் போதுமானது. குளிர்நாட்டில் உறைவதைத் தடுக்கக் கலக்கும் கிளைக்கால் இங்கு அதற்கெனத் தேவையில்லை. அது நீரின் வெப்பமேற்கும் திறனையும் குறைக்கும். ஒரு நாட்டின் அமைப்பை மற்றொரு நாட்டில் அப்படியே நிறுவலாகாது என்பதற்கு இது நல்ல சான்று.

நீரும் மின்சாரமும் ஓரிடத்தில் வாழ இயலும் என்பது இதனால் விளங்கும். ஆனால் அது நீரின் இயல்பால் வந்த நட்பன்று. தூய்மை, அளவு, வெப்பநிலை என்னும் மூன்றினையும் நாள்தோறும் நோக்கிவரும் மனிதனின் கவனத்தால் நிலைபெறும் நட்பு அது. கவனம் தளர்ந்த அன்றே பழைய பகை திரும்பும்.