புது கம்ப்யூட்டரா, அப்கிரேடா? நாசாவுக்கும் வந்த குழப்பம்

பழைய கம்ப்யூட்டரில் ராம் சேர்ப்பதா, புதிதாக வாங்குவதா என்று ஒரு நாள் நீங்களும் தலையைச் சொறிவீர்கள். அமெரிக்காவின் நாசா இதே கேள்வியை இரண்டு முறை சந்தித்தது.

1977-ல் எண்டர்பிரைஸ் என்ற ஸ்பேஸ் ஷட்டிலை ஜம்போ விமானத்தின் முதுகில் ஏற்றி, நடுவானில் கழற்றிவிட்டு, ஒழுங்காகத் தரையிறங்குகிறதா என்று சோதித்தார்கள். விண்வெளிக்குச் செல்லும் என்ஜின் அதில் கிடையாது. பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்பது திட்டம். அதற்குள் டிசைன் மாறிவிட்டது. எண்டர்பிரைஸைப் பிரித்து மாற்றுவதைவிட, பளு தாங்குமா என்று பார்ப்பதற்காகச் செய்த வெறும் கூட்டை ஷட்டிலாக்குவது செலவு குறைவு என்று தெரிந்தது. அதுதான் சேலஞ்சர்.

1986 ஜனவரியில் சேலஞ்சர் சிதறி, ஏழு பேர் பலியானார்கள். எண்டர்பிரைஸை மாற்றலாமா என்ற பேச்சு மறுபடி வந்தது. ஆனால், உடற்பகுதிக்கான ஸ்பேர் பாகங்கள் ஏற்கெனவே தயாராக இருந்தன. எனவே புதிதாகக் கட்டுவதே மலிவு! சுமார் 170 கோடி டாலர் செலவில் எண்டவர் உருவாகி 1992-ல் பறந்தது.

ஷட்டிலுக்குள் இருந்த கம்ப்யூட்டர்களின் கதை வேறு. மொத்தம் ஐந்து, ஒவ்வொன்றிலும் சுமார் 400 கேபி மெமரிதான். 1991-ல்தான் அது 1 எம்பி அளவுக்கு உயர்ந்தது. அப்போதும் பழைய சாஃப்ட்வேர் ஓடும்படியான மெஷினையே பொருத்தினார்கள். பல ஆண்டுகள் சோதித்த புரோகிராமில் கைவைக்க யாருக்குத்தான் தைரியம் வரும்? எனக்கு வராது.

பழையதைக் காப்பாற்றுவதிலும் தொல்லை உண்டு. 2002 வாக்கில், பூஸ்டர் ராக்கெட்டுகளைச் சோதிக்கும் கருவிகளுக்கு இன்டெல் 8086 சிப் தேவைப்பட்டது. கடையில் ஏது? பழைய மருத்துவக் கருவிகளை மொத்தமாக வாங்கி, உள்ளே இருந்த சிப்களைக் கழற்றி எடுத்தார்கள்.