கன்று வளர்வது காளையின் ஜாதியாலா, தாயின் பாலாலா?



ஒரே ஜாதி சினை ஊசி போட்டுப் பிறந்த இரண்டு கன்றுகளில் ஒன்று கொழுகொழுவென்று வளரும். மற்றது விலா எலும்பு தெரிய நிற்கும். "ஊசி சரியில்லை", "கண் பட்டுப்போச்சு" என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி, மெலிந்த கன்றை வந்த விலைக்குத் தள்ளிவிடுவோம். அதற்கு முன் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்.

கன்றின் பரம்பரைக் குணத்தில் பாதி தகப்பனிடமிருந்தும் பாதி தாயிடமிருந்தும் வருகிறது. ஆனால் தாய் இன்னும் இரண்டைக் கொடுக்கிறது. ஒன்று, ஒன்பது மாதம் சுமக்கும் கர்ப்பப்பை. மற்றது பால். காளைக்கு இவற்றில் பங்கில்லை.

இதை 1938இல் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வால்டன், ஹமண்ட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் குதிரைகளைக் கொண்டு காட்டினார்கள். ஷயர் மிகப் பெரிய குதிரை. ஷெட்லண்ட் சின்ன மட்டக்குதிரை. பெரிய ஆணைச் சின்னப் பெண்ணோடும், சின்ன ஆணைப் பெரிய பெண்ணோடும் கலந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே கலப்புத்தான். ஆனாலும் பெரிய தாய்க்குப் பிறந்த குட்டி, மற்றதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு பாரம் இருந்தது. வளர்ந்த பிறகும் அந்த வித்தியாசம் முழுதாக மறையவில்லை.

மாட்டிலும் தாயின் பங்கு பெரியது. எங்கள் பாண்டிருப்பு, கல்முனைப் பக்கத்துப் பட்டி மாடுகளைப் பார்த்தால் விளங்கும். ஊர் மாட்டுக்கு உடம்பு சிறிது, பாலும் குறைவு. இரவில் கன்றைப் பிரித்துக் கட்டி, காலையில் கறந்த பிறகுதான் தாயோடு விடுவார்கள். சாஹிவால் போன்ற பெரிய ஜாதிக் காளையைச் சேர்த்தால் கன்று நன்றாக வளரும் குணத்தோடு பிறக்கும். ஆனால் வெயில் காலத்தில் தாய்க்குப் புல் இல்லாமல், இருக்கும் பாலையும் ஒட்டக் கறந்தால் அந்தக் குணம் வெளியே தெரியாது.

பால் மறக்கும் வரைதான் தாயின் பங்கு அதிகம். அதன் பிறகு தீனி சரியாகக் கிடைத்தால், கன்றின் சொந்தக் குணம் மெல்ல மெல்லத் தலைகாட்டும். ஆகவே நாலைந்து மாதக் கன்றைப் பார்த்து ஜாதியை முடிவு கட்டாதீர்கள். தலையீற்றுப் பசுவின் கன்று பொதுவாகச் சிறியதாகவே இருக்கும். அதை நாலாம் ஈற்றுக் கன்றோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

நாம் செய்யக்கூடியவை:

1. சினையின் கடைசி மூன்று மாதத்தில்தான் கன்றின் பாரம் பெரும்பாலும் கூடுகிறது. புல்லோடு தவிடு, புண்ணாக்கு கொடுங்கள். கடைசி இரண்டு மாதம் கறக்காதீர்கள்.

2. நோயைத் தடுக்கும் சக்தி தாயின் வயிற்றிலிருக்கும்போது கன்றுக்குக் கிடைப்பதில்லை. அது சீம்பாலில்தான் வருகிறது. பிறந்த ஆறு மணித்தியாலத்துக்குள் குடிக்கவிடுங்கள். ஒரு நாள் போனால் கன்றின் குடல் அந்தச் சக்தியை உறிஞ்சாது. 30 கிலோ கன்றுக்கு முதல் நாளில் 3 லீற்றராவது வேண்டும்.

3. சின்ன உடம்புக் கிடேரிக்குப் பெரிய ஜாதி ஊசி வேண்டாம். கன்று சிக்கினால் தாயும் போய்விடும். ஊசி போடுமுன் கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள்.

4. பால் முழுவதையும் விற்காமல், ஒரு காம்பையாவது கன்றுக்கு விடுங்கள்.

பால் காசு கையில் வரும்போது கன்றை மறப்பது லேசு. ஆனால் இன்று மெலிந்த கிடேரிக் கன்றுதான் நாளைய கறவை மாடு. நன்றாக வளர்ந்த நாம்பன் கன்று, பிள்ளைகளின் படிப்புச் செலவுக்குக் கைகொடுக்கும்.