ஏரிக்கரையில் ஓர் இரவு... குடும்பத்தோடு கிளம்பும் முன் இதையெல்லாம் கேட்டுவிடுங்கள்!

செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்களில் சிலர் மட்டும் வண்டியைப் பனமலை பக்கம் திருப்புகிறார்கள். 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில் அங்கே குன்றின் மேல் நிற்கிறது. சிற்றாலயச் சுவர் ஒன்றில், கிரீடம் அணிந்து, குடையின் கீழ் ஒயிலாக நின்று சிவனின் நடனத்தைப் பார்க்கும் பார்வதியின் ஓவியம் இன்னும் மிச்சமிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், கீழே பரந்து கிடக்கிறது பனமலை ஏரி.

மழைக்காலம் முடிந்த கையோடு போனால் தண்ணீர் தளும்பி நிற்கும். அந்தக் காற்றில் நிற்கும்போது யாருக்கும் தோன்றுவதுதான், "இங்கேயே ஒரு டென்ட் போட்டு ராத்திரி தங்கினா எப்படி இருக்கும்?"

ஆசை நியாயமானதுதான். ஆனால், ஏரிக்கரை வேறு. தங்கும் முகாம் வேறு. கேரவன், கூடாரம், 'லேக் வியூ கேம்ப்' என்று போனில் தினமும் விளம்பரங்கள் வரும் இந்தக் காலத்தில், குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துப் போகும் குடும்பம் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது அவசியம்.

காய்ந்த ஏரி மைதானம் அல்ல!

நம் ஊர் ஏரிகள் பெரும்பாலும் இயற்கையாக உருவானவை அல்ல. பாசனத்துக்காகக் கரை கட்டித் தேக்கியவை. வரத்துக் கால்வாய் வழியாகத் தண்ணீர் வரும்; மதகு வழியாக வயலுக்குப் போகும்; மிஞ்சியது கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். எனவே ஏரியைச் சுற்றித் தட்டையாகத் தெரியும் இடமெல்லாம் தங்குவதற்கு ஏற்றதல்ல.

கோடையில் நீர் வற்றியதும் தெரியும் புல்வெளி, தண்ணீரின் இடம். வரத்துக் கால்வாயும் கலங்கலும் தண்ணீரின் பாதை. கரைக்கு வெளிப்புறம், நிழலாக இருக்கும் பள்ளமான இடம் இன்னும் ஆபத்தானது. கரையில் உடைப்பு ஏற்பட்டால் தண்ணீர் முதலில் பாய்வது அங்கேதான்.

இதை விழுப்புரம் மாவட்ட மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. மாவட்டத்தின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏரியோரம் இரவு தங்கும் யோசனையே வேண்டாம். பொங்கலுக்குப் பிறகு, ஜனவரி, பிப்ரவரி மாதங்களே நல்ல பருவம். அப்போது ஏரியிலும் தண்ணீர் இருக்கும், வெயிலும் வாட்டாது.

கேரவன் என்றால் வண்டி மட்டுமல்ல

கேரவன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சினிமா படப்பிடிப்புதான். ஆனால், அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு, பாத்திரங்களை வேனில் ஏற்றிக்கொண்டு, வழியில் மர நிழலில் சமைத்துச் சாப்பிட்டபடி ஊர் ஊராகப் போன குடும்பங்களுக்கு இந்த வாழ்க்கை புதிதல்ல. ஒரே வித்தியாசம், கேரவனில் படுக்கையும் கழிப்பறையும் கூடவே வருகின்றன.

அதனால்தான் அதற்குத் தனி நிறுத்துமிடம் தேவைப்படுகிறது. அமெரிக்காவில் ஏரிகள் நிறைந்த பகுதிகளில் இதற்கென்றே பூங்காக்கள் உண்டு. ஒவ்வொரு வண்டிக்கும் சமதளமான இடம், மின் இணைப்பு, குடிநீர்க் குழாய், கழிவுநீரை வெளியேற்றும் குழாய் ஆகியவை இருக்கும். இந்தியாவில் கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. 2022-ல் வாகமண்ணில் அங்கே முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. பனமலையில் அப்படி எதுவும் இல்லை. கழிவைக் கொட்ட இடமில்லாத ஊரில் கேரவனை நிறுத்தினால், அது கடைசியில் ஏரியில்தான் போய்ச் சேரும்.

இன்னொரு முக்கியமான விஷயம், புகை. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் நுழைந்ததே காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. ஏ.சி-க்காக இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்காதீர்கள். குளிருக்காகக் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகவும் கூடாது.

அனுமதி இருக்கிறதா?

2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடி பகுதியில், காட்டை ஒட்டிய ரிசார்ட் ஒன்றில் கூடாரத்தில் தங்க வந்திருந்த ஒரு பெண், காட்டு யானை தாக்கி உயிரிழந்தார். அங்கே கூடாரம் அமைக்க முறையான அனுமதி இல்லை என்பது அதன் பிறகே வெளியே வந்தது. விளம்பரத்தில் இருக்கும் புகைப்படம் அனுமதிச் சான்று ஆகாது.

செஞ்சிக் கோட்டை போன்ற, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் நினைவுச் சின்னங்களில் இரவு தங்க முடியாது. விழுப்புரம் மாவட்டத்திலேயே இருக்கும் கழுவேலி, 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. இப்படிப்பட்ட நீர்நிலைகளைப் பகலில் பார்த்துவிட்டுத் திரும்புவதே முறை. இரவு வெளிச்சமும் ஸ்பீக்கர் சத்தமும் பறவைகளை விரட்டிவிடும்.

முன்பணம் கட்டும் முன் 7 கேள்விகள்

முகாம் நடத்துகிறவருக்கு போன் செய்து இவற்றைக் கேளுங்கள்:

1. இடம் சொந்தப் பட்டாவா? கூடாரம் போட அனுமதி இருக்கிறதா? நகலை அனுப்ப முடியுமா?

2. தண்ணீரிலிருந்து கூடாரம் எவ்வளவு தூரம்? நடுவே வேலி உண்டா? குழந்தை தூக்கத்தில் எழுந்து நடந்தால் போய்ச் சேரும் இடம் எது என்று யோசித்துப் பார்த்தால், இந்தக் கேள்வியின் அவசியம் புரியும்.

3. கழிப்பறை எங்கே? அதுவரை இரவில் விளக்கு எரியுமா? வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா? முழங்கால் வலி உள்ள பாட்டிக்கு ஏரியின் அழகைவிட இதுதான் பெரிது.

4. மழை வந்தால் எங்கே மாற்றுவீர்கள்? பக்கத்தில் கட்டடம் இருக்கிறதா?

5. ராத்திரி பொறுப்பாளர் யாராவது அங்கேயே இருப்பார்களா?

6. ஆம்புலன்ஸ் கூடாரம் வரை வருமா? பாம்புக்கடிக்கு மருந்து வைத்திருக்கும் அரசு மருத்துவமனை எவ்வளவு தூரம்?

7. படகு உண்டு என்றால், குழந்தைகள் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா?

இவற்றில் முதல் நான்குக்கும் தெளிவான பதில் வரவில்லை என்றால், வேறு இடம் பாருங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகும் கொஞ்சம் கவனம் வேண்டும். பனைமரத்தடியிலும் பட்டுப்போன கிளையின் கீழும் கூடாரம் போடாதீர்கள். ஜிப்பை எப்போதும் மூடியே வையுங்கள். காலையில் செருப்பை உதறிப் போடுங்கள். பாம்பு கடித்துவிட்டால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் 108-ஐ அழையுங்கள். பாத்திரத்தையும் துணியையும் ஏரியில் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். அந்தத் தண்ணீரைத்தான் ஆடு மாடுகள் குடிக்கின்றன.

அப்படியென்றால் பனமலைக்கு?

கட்டாயம் போகலாம், பகலில். செஞ்சியிலோ விழுப்புரத்திலோ விடுதியில் அறை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் காலையில் செஞ்சிக் கோட்டை; ராஜகிரி மேல் ஏறுவதாக இருந்தால் வெயிலுக்கு முன்பே கிளம்ப வேண்டும். மறுநாள் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு பனமலை. கோயில் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஏரியோரத்தில் தூங்கி எழ வேண்டும் என்ற ஆசை தீராதவர்களுக்கு ஏற்காடு இருக்கிறது. அங்கே ஏரிக்குப் பக்கத்திலேயே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் உண்டு. கதவைத் திறந்து சில நிமிடங்கள் நடந்தால் ஏரி. கதவைச் சாத்தினால் குழந்தைகள் பத்திரம்!